கையை மடியில வை

என் பொண்டாட்டி பிளேன் ஓட்டுறவள்னு சொன்னா ஜனங்க வாயைப் பிளப்பாங்க. அடுத்த கேள்வி, "எந்த ஏர்லைன்?" ஏர்லைன் இல்லைங்க, ஃப்ளையிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கிறா, ரெண்டு சீட்டு பிளேன்னு சொன்னதும் பிளந்த வாய் மூடிக்கும். "ஓ, சின்ன பிளேனா?" அந்தச் 'சின்ன'வை அவங்க இழுக்கிற இழுப்பு இருக்கே, எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏறி உக்காந்து பாருய்யா ஒரு தடவை, உன் குடல் எங்க இருக்குன்னு தெரியும்னு சொல்லத் தோணும். ஆனா நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவன். கண்ணு செக் பண்ண வந்து உக்காந்திருக்கிற மனுஷனை அப்படிச் சொல்ல முடியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு, "கடைசி வரியைப் படிங்க சார்"னு சொல்லிடுவேன்.

அவளும் என் கடைக்கு அப்படி வந்தவதான். கூலிங் கிளாஸ் வேணும்னு கேட்டா. நான் சும்மா இருக்காம, கடையிலயே உசத்தியான போலராய்டு கண்ணாடியை எடுத்து நீட்டி, வெயில் கூசவே கூசாது மேடம்னு அளந்து விட்டேன். அவ அதை மாட்டிக்கிட்டு என் பில் மிஷினோட சின்ன திரையைப் பார்த்தா. தலையைச் சாய்ச்சா. "இங்க பாருங்க, இப்படிச் சாய்ச்சா திரையில எழுத்தே காணோம். பிளேன்ல எனக்கு உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவுன்னு காட்டுறது இந்த மாதிரி திரைதான். இதைப் போட்டுக்கிட்டு ஓட்டினா நான் எங்க போய் இறங்குவேன்?" பத்து வருஷமா கண்ணாடி விக்கிறவனுக்குக் கண்ணாடி வாங்க வந்தவ பாடம் எடுத்துட்டுப் போறா! அன்னிக்கு முழுக்க எனக்கு மூஞ்சியே சரியில்ல. வேற சாதாக் கண்ணாடி ஒண்ணை வாங்கிட்டுப் போனவ, அடுத்த மாசம் அதுல ஸ்க்ரூ லூசாயிடுச்சுன்னு வந்தா. நான்தான் வேணும்னே லூசா வச்சுக் குடுத்தேன்னு கல்யாணத்துக்கு அப்புறம் ஒத்துக்கிட்டேன். அவ, "எனக்கு அன்னிக்கே தெரியும்"னா.

ஸ்கூல்ல எல்லாரும் அவளை டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. காலையில ஆறு மணிக்கு ஓடுபாதை பக்கத்துல நிப்பா. இறக்கைக்கு அடியில குனிஞ்சு ஒரு சின்ன கப்புல கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பா. கத்துக்கிறவங்க இடது சீட்டுல, டீச்சர் வலது சீட்டுல. பதினோரு வருஷமா அதே வலது சீட்டு. மடியில கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, ஆனா அது சும்மா இருக்கிற கை இல்ல. வேகம் கொஞ்சம் குறைஞ்சாலோ, இறக்கை கொஞ்சம் சாய்ஞ்சாலோ, கண் இமைக்கிறதுக்குள்ள பிடியில போய் நிக்கும். "கன்ட்ரோல் என்கிட்ட"னு வாய் சொல்றதுக்கு முன்னாடி கை போயிடும். இத்தனை வருஷத்துல ஒரு பிளேன்ல ஒரு கீறல் விழுந்ததில்ல. விழாம பார்த்துக்கிட்டது அந்தக் கைதான்.

பிளேன்ல ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுறவங்க மாறும்போது சும்மா கையை விட்டுடக் கூடாது. "கன்ட்ரோல் உங்ககிட்ட"னு ஒருத்தர் சொல்லணும். "கன்ட்ரோல் என்கிட்ட"னு மத்தவர் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். "உங்ககிட்ட"னு முதல் ஆள் இன்னொரு தடவை சொல்லிட்டுத்தான் கையை எடுக்கணும். ரெண்டு பேரும் நீ பிடிச்சிருக்கே, நீ பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு யாருமே பிடிக்காம போயிடக் கூடாதுல்ல? எங்க பொண்ணு பிறந்தப்போ இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டா. கைக்குழந்தையை என்கிட்ட நீட்டி, "கன்ட்ரோல் உங்ககிட்ட." நான், "கன்ட்ரோல் என்கிட்ட." அவ, "உங்ககிட்ட." என் மச்சான் ஒரு தடவை இதைப் பார்த்துட்டு, "ஏம்மா, புள்ளையைக் குடுக்கிறீங்களா, பஸ் டெப்போல வண்டியை ஒப்படைக்கிறீங்களா?"ன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிக்கட்டும். எங்க பொண்ணு ஒரு தடவை கூட கீழ விழுந்ததில்ல.

இதுல ஒரு சங்கடம் என்னன்னா, டீச்சர் "உங்ககிட்ட"னு சொல்லுவாளே தவிர, கையை எடுத்ததா சரித்திரமே கிடையாது. விரல் நாலு அங்குலம் தள்ளி அந்தரத்துல நின்னுக்கிட்டே இருக்கும். குழந்தைக்கு மட்டும் இல்ல. நான் அடுப்புல பாலை வச்சா, பொங்குறதுக்கு முன்னாடியே என்னைத் தள்ளிட்டு அணைச்சுடுவா. ஸ்கூட்டரை ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி இருந்து ஹேண்டில்பார்ல கை வரும். பொண்ணுக்கு ஏழு வயசாச்சு. ஸ்கூலுக்குப் பின்னல் போட உக்கார வச்சு, மூணு பிரியா பிரிச்சு ரெண்டு சுத்து போடுறதுக்குள்ள, "குடுங்க இப்படி"ன்னு சீப்பு பறிபோயிடும். ஒரு தடவையாவது ஒரு பின்னலை நான் முடிச்சிருப்பேனா? மூக்கு மேல கோபம் வரும். கோவிச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவேன். அவ பின்னலை முடிச்சு ரிப்பனைக் கட்டிட்டு, "சாப்பிட வாங்க"ம்பா. போய்ச் சாப்பிடுவேன். வேற என்ன பண்றது?

அவகிட்ட கத்துக்கிட்டவங்கள்ல நாப்பத்தோரு பேர் ஏர்லைனுக்குப் போயிட்டாங்க. போறவங்க எல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தான் போவாங்க. அப்புறம் தோள்ல கோடு போட்ட சட்டையில போட்டோ அனுப்புவாங்க. அவ ஒவ்வொண்ணையும் என்கிட்ட காட்டி, "இவன் முதல் தடவை இறக்கினப்போ பிளேன் மூணு தடவை குதிச்சுச்சு, இப்போ பாருங்க"ன்னு சந்தோஷமாத்தான் சொல்லுவா. ஆனா போட்டோவை மூடினதும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கிட்டு இருப்பா. அவளும் ஏர்லைன் கனவோடதான் லைசென்ஸ் எடுத்தவ. எங்க நாட்டுல இருக்கிற கம்பெனி ஏழு வருஷமா புது ஆளே எடுக்கல, அப்புறம் போனவங்க எல்லாம் வெளிநாட்டுக்குத்தான். இங்க கடைசியா எடுத்தப்போ அவ நிறைமாசமா இருந்தா.

போன வருஷம் அவளோட பழைய மாணவி ஒருத்தி பக்கத்து நாட்டு ஏர்லைன்ல இருந்து ஒரு அறிவிப்பை அனுப்பினா. வெளிநாட்டு ஆளுங்களையும் எடுக்கிறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான். வயசு முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாது. டீச்சருக்கு முப்பத்தஞ்சு முடிய அப்போ நாலு மாசம் பாக்கி.

"போட்டுப் பாரு"ன்னு நான்தான் சொன்னேன்.

"கிடைச்சா மாசத்துல இருபது நாள் அங்க இருக்கணும். பத்து நாள்தான் இங்க."

"அதுக்கென்ன? நானும் பொண்ணும் இருந்துக்குவோம்."

வீராப்பா சொல்லிட்டேன். ஒரு பின்னல் போடத் துப்பில்லாதவன், இருபது நாள் எப்படி ஓட்டப் போறேன்?

அவ சமையலறை மேஜையில அந்த நாட்டு வான்சட்டப் புத்தகத்தை விரிச்சு வச்சு மூணு மாசம் படிச்சா. காய் நறுக்கும்போதும் படிப்பா. பொண்ணு கேள்வி கேக்கும், இவ பதில் சொல்லுவா. எழுத்துப் பரீட்சையில பாஸாகி, கடைசிச் சோதனைக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு நாள் வேலைன்னு ஒரு சின்னப் பெட்டியோட கிளம்பினா.

கடைசிச் சோதனை சிமுலேட்டர்ல. கால் முளைச்ச ரூம் மாதிரி இருக்கும்னு சொன்னா. உள்ள போய் உக்காந்தா நிஜ பிளேனேதான், ஆனா தரையை விட்டு எங்கயும் போகாது. வேலைக்கு வந்தவங்களை ரெண்டு ரெண்டு பேரா உள்ள விடுவாங்க. ஒருத்தர் ஓட்டணும், இன்னொருத்தர் பக்கத்துல இருந்து கவனிச்சுச் சொல்லணும். அப்புறம் மாத்திக்கணும். அவளுக்கு ஜோடி இருபத்தி நாலு வயசுப் பையன், அந்த நாட்டுக்காரன். சோதிக்கிறவர் ஒரு வழுக்கைத் தலைக் கேப்டன்.

அன்னிக்குச் சாயங்காலம் கடையில ஒருத்தருக்கு ஃபிரேமை முறுக்கிக்கிட்டு இருக்கும்போது போன் வந்துச்சு.

"போச்சுங்க"ன்னா.

"என்னம்மா போச்சு? நீ ஓட்டினது சரியில்லையா?"

"நான் ஓட்டினது சுத்தமா இருந்துச்சு. அந்தத் தம்பி ஓட்டும்போதுதான். பிளேன் மேல ஏறிக்கிட்டு இருக்கு, கேப்டன் இடது இன்ஜினை அணைச்சுட்டார். பிளேன் இடது பக்கம் சாயுது, தம்பி பயந்துட்டான். அவ்வளவுதான்... நான் பிடுங்கிட்டேன்."

"பிடுங்கிட்டியா?"

"கன்ட்ரோல் என்கிட்டன்னு சொல்லி நானே நேராக்கிட்டேன். சொன்னேனா, பிடிச்சுட்டுச் சொன்னேனான்னு கூட ஞாபகம் இல்ல. கேப்டன் எல்லாத்தையும் நிறுத்திட்டார்."

கேப்டன் சத்தம் எல்லாம் போடல. "பிளேனைக் காப்பாத்திட்டீங்கம்மா, நல்லது. ஆனா அவர் உங்க மாணவர் இல்ல. பக்கத்துல இருக்கிறவர் கையில இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கணும். ஒரு தடவை சொல்லணும், கேக்கலன்னா இன்னொரு தடவை சொல்லணும். அப்புறம்தான் கை. நிஜத்துல அந்தச் சீட்டுல கேப்டன் இருந்து, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்?" அப்படின்னு கேட்டிருக்கார். இவ, "கை தானா போயிடுச்சு சார், பதினோரு வருஷப் பழக்கம்"னு மட்டும் சொல்லியிருக்கா. அவர் யோசிச்சுட்டு, "நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு ரெண்டு பேரும் மறுபடி வாங்க. நீங்க ஓட்ட வேணாம், அவர் ஓட்டட்டும். உங்க கையை மட்டும் பார்க்கிறேன்"னுட்டார்.

"அப்புறம் ஏன் போச்சுங்கிறே? இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காரே!"

"என் கையைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"ன்னு அழுதா.

இந்த இடத்துல நான் ஒண்ணை ஒளிக்காம சொல்லிடுறேன். அவ போச்சுன்னு சொன்ன அந்த நிமிஷம், என் மனசோட ஒரு மூலையில 'அப்பாடா'ன்னு இருந்துச்சு. வீடு வீடா இருக்கும், அவ இங்கயே இருப்பா, நான் தனியா முழிக்க வேணாம். கட்டினவ அங்க அழுதுக்கிட்டு இருக்கா, இவனுக்கு அப்பாடாவாம்! போனை வச்சதும் என் மேலயே எனக்கு அருவருப்பா வந்துச்சு. அந்த மனுஷனோட ஃபிரேமைத் தப்பான பக்கம் முறுக்கிட்டேன். அவர் அதைப் போட்டுக்கிட்டு, "ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ இருக்கே?"ன்னார்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு வீடியோ கால் பண்ணினா, பொண்ணு ஸ்கூல் போறதுக்குள்ள பார்க்கணும்னு. நான் போனைத் தண்ணி பாட்டில் மேல சாய்ச்சு வச்சுட்டு, பொண்ணை முன்னாடி உக்கார வச்சு, வாயில ரிப்பனைக் கவ்விக்கிட்டுப் பின்னல் போட்டுக்கிட்டு இருந்தேன். அவ மூஞ்சி வீங்கியிருந்துச்சு. என்ன பேசினாலும் ம், ம்னா. நான் மூணாவது சுத்துல நடுப் பிரியை விட்டுட்டேன். உடனே போன்ல டொக்னு ஒரு சத்தம். பார்த்தா திரை முழுக்க அவளோட உள்ளங்கை. சீப்பைப் பிடுங்க வந்த கை அங்க போன்ல போய் முட்டியிருக்கு!

பொண்ணு கெக்கேபிக்கேன்னு சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. எட்டு வருஷக் கோபம் மொத்தமா வந்துச்சு. ரிப்பனைத் துப்பிட்டுக் கத்தினேன்.

"கையை மடியில வை!"

அவ அரண்டு போயிட்டா. நான் அவகிட்ட அப்படிக் கத்தினதே இல்ல.

"பாலைப் பிடுங்கினே, ஸ்கூட்டரைப் பிடுங்கினே, பெத்த பொண்ணு தலையை ஒரு நாள் முழுசா பின்ன விட்டிருக்கியா? இன்னிக்கு உன் கை இங்க வராதுடி. தலைகீழா நின்னாலும் வராது. வாய் இருக்குல்ல? சொல்லு. என்ன தப்பு பண்றேன்னு சொல்லு!"

அவ மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் கட்டில் மேல நேரா உக்காந்தா. ரெண்டு கையையும் மடியில வச்சா. போன்ல எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, விரல் எல்லாம் துடிக்குது.

"இடது பிரி லூசா இருக்கு"ன்னா.

இறுக்கினேன்.

"அவ்வளவு வேணாம். கொஞ்சம் விடுங்க. ம். இப்போ வலது பிரியை நடுவுல கொண்டாங்க."

கொண்டு வந்தேன்.

"கட்டை விரலால கீழ அழுத்திப் பிடிச்சுக்குங்க. அடுத்தது இடது. அவசரப்படாதீங்க. நேரம் இருக்கு."

அவ அந்தக் குரல்ல என்கிட்ட பேசி நான் கேட்டதே இல்ல. பிளேன்ல பேசுற குரல் போல இருக்கு. கேக்கக் கேக்க என் கையும் அது சொன்னபடியே போச்சு. கடைசி வரைக்கும் வந்து, ரிப்பன் சுத்தி, முடிச்சுப் போட்டேன். ரெண்டாவதையும் அப்படியே போட்டேன். ஒரு பின்னல் கொஞ்சம் காது பக்கமா போயிருந்துச்சு, ஆனா கெட்டியா நின்னுச்சு. பொண்ணு தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிப் பார்த்து, "அவிழலம்மா!"ன்னுது. டீச்சர் குனிஞ்சு தன் கையைப் பார்த்தா. மடியிலயே இருந்துச்சு.

"நான் கிளம்புறேங்க"ன்னா. குரல்ல அழுகை இல்ல.

அங்க நடந்ததை அவ திரும்பி வந்து சொன்னா. அதே மாதிரி ஏறும்போது இடது இன்ஜினை அணைச்சிருக்கார். பிளேன் சாய்ஞ்சிருக்கு. இவ கை துள்ளியிருக்கு. "உங்க கத்தல் காதுல விழுந்துச்சுங்க"ன்னா. துள்ளின கையை மடியில அழுத்தி வச்சுக்கிட்டு, "தம்பி, இடது இன்ஜின் போச்சு. வலது கால் பெடலை அழுத்துங்க"ன்னிருக்கா. தம்பி அழுத்தல. இன்னொரு தடவை, அதே குரல்ல, "வலது கால், தம்பி. இன்னும் அழுத்துங்க. ம், இப்போ மூக்கைக் கொஞ்சம் இறக்குங்க, வேகம் வரட்டும்." அவன் அழுத்தினான், பிளேன் நேராச்சு. அவனே கொண்டு போய் இறக்கினான். வெளிய வந்ததும் அந்தத் தம்பி, "அக்கா, நீங்க பேசலன்னா நான் செத்தேன்"னு கையெடுத்துக் கும்பிட்டானாம். வழுக்கைக் கேப்டன் ஏதோ எழுதிக்கிட்டு, தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

முடிவு வர மூணு வாரம் ஆச்சு. நான் பால் வச்சா அவ ரெண்டடி தள்ளி நின்னு, "பொங்கப் போகுது"ன்னு வாயால சொல்லிப் பழகினா. ஒரு தடவை அவ சொல்லியும் நான் பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்து பொங்க விட்டுட்டேன். அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்த்தா. அடுப்பைத் துடைச்சது நான்தான்.

ஒரு மத்தியானம் ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம கடைக்குள்ள வந்து போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. நான் அப்போ ஒரு அம்மாவுக்குச் சோதனைக் கண்ணாடி மாட்டி விட்டிருந்தேன். என் படிக்கிற கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிச்சேன். எடுத்துட்டாங்க. அந்தத் தம்பியையும் எடுத்துட்டாங்களாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'அப்பாடா' இந்தத் தடவை எந்த மூலையிலயும் இல்ல, சந்தோஷம் மட்டும்தான் இருந்துச்சு. அந்த அம்மா ரெண்டு தடி லென்ஸுக்குள்ள இருந்து எங்களையே மாத்தி மாத்திப் பார்த்து, "நல்ல சேதியா? ரெண்டு பேரும் எனக்கு நாலு பேரா தெரியிறீங்க"ன்னாங்க. அவங்களுக்கு அன்னிக்கு ஃபிரேம் இலவசம்.

கிளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்ல கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் எங்களை விட்டாங்க. டீச்சர் பொண்ணைக் கட்டிப் பிடிச்சு, மோந்து பார்த்து, அப்புறம் அது கையை எடுத்து என் கையில வச்சா.

"கன்ட்ரோல் உங்ககிட்ட"ன்னா.

"கன்ட்ரோல் என்கிட்ட."

"உங்ககிட்ட."

சொல்லிட்டு உள்ள போனா. கதவு மூடிக்கிச்சு. அப்போதான் பொண்ணு, "அப்பா, பின்னல் அவிழ்ந்துடுச்சு"ன்னுது. கட்டிப் பிடிச்சதுல ரிப்பன் நழுவி, இடது பின்னல் பாதி பிரிஞ்சு தொங்குது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் திரும்பிப் பார்த்தா. பின்னலைப் பார்த்துட்டா. அவ கை மேல வந்துச்சு, பாதி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் இறங்கிப் பையோட வாரைப் பிடிச்சுக்கிச்சு. கண்ணாடி வழியா வாய் மட்டும் அசைஞ்சுது: இடது பிரி.

நான் அங்கயே தரையில முட்டி போட்டேன். ஜனங்க பெட்டியைத் தள்ளிக்கிட்டு எங்களைச் சுத்திச் சுத்திப் போறாங்க. இடது பிரியை இறுக்கினேன், அவ்வளவு வேணாம்னு கொஞ்சம் விட்டேன், வலது பிரியை நடுவுல கொண்டு வந்தேன், கட்டை விரலால அழுத்திப் பிடிச்சேன். அவசரப்படல. ரிப்பனை ரெண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன், கெட்டியா இருந்துச்சு.

பாருடின்னு நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ இல்ல.

எட்டு வருஷத்துல முதல் தடவையா, நான் முடிக்கிற வரைக்கும் நிக்காம போயிருக்கா.